கரண்ட் போனது தெரியாத லேப்டாப்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது மரியாதை. திருவொற்றியூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த பேனர் கடையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது. அதை ஆன் செய்கிற பட்டன் உள்ளே அமுங்கிப்போய் அந்த இடத்தில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. தினமும் பேனாவை விட்டுக் குத்தித்தான் எழுப்ப வேண்டும். எனக்குக் குத்தவும் சோம்பல். அதனால் கரண்ட் வந்தாலே பெட்டி தானாக ஓடும்படி உள்ளே செட்டிங்கை மாற்றினேன். ஓடியதும் நாங்கள் அதிகம் பயன்படுத்தும் பக்கம் தானாகத் திறக்கும்படியும் வைத்தேன். சுவரில் சுவிட்ச் கருகியபோது, புதிது வாங்கக் கடைக்கு நடக்க வேண்டுமே என்று, ஒயரை முறுக்கி நேராகவே இணைத்துவிட்டேன். மூன்று சோம்பேறித்தனம் சேர்ந்தால் ஒரு பேய் பிறக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் அதிகம் பயன்படுத்தும் பக்கம் எது என்று சொல்லவில்லையே. கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தோற்றம், மறைவு என்ற சொற்களுக்கு எதிரே வெற்றிடம், நடுவில் முகம் வைப்பதற்கு ஒரு வெள்ளை முட்டை வட்டம். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பாடை கட்டுவதற்கு முன்பே பேனருக்கு ஆள் வந்துவிடும். ஊர்வலம் கிளம்புவதற்குள் தெருமுனையில் முகம் நிற்க வேண்டும்.

கடை முதலாளியை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ரேஷன் கார்டிலும் கல்யாண குரூப் போட்டோவிலும் இருந்து முகத்தைப் பிரித்தெடுத்து, பனியனோடு இருப்பவருக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிடுவதில் அவருக்கு நிகர் இல்லை. அந்த வேலையைச் செய்யும்போது அவர் படத்தோடு பேசுவார். “கொஞ்சம் நிமிரு நைனா, காலரு சரி பண்ணிக்கிறேன்” என்பார். செத்தவர் நிமிர்வது போலவே எனக்கும் தோன்றும். நான் உடனே ஏதாவது ஜோக் அடித்து என்னைக் காப்பாற்றிக்கொள்வேன்.

கடலோரத்து உப்புக் காற்றுக்கு எங்கள் பக்கம் கரண்ட் நிலையாக நிற்காது. ஒரு மதியம் போன கரண்ட் திரும்பியதும் பெட்டி உறுமிக்கொண்டு எழுந்து அந்த வெள்ளை வட்டத்தைக் காட்டியது. மாஸ்டர் சோற்றில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் காசிமேட்டிலிருந்து நான்கு பேர் அழுதுகொண்டே போட்டோவோடு வந்தார்கள். அவர்கள் போனதும் மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்: “பாத்தியா, அதுக்கு மின்னாடியே தெரிஞ்சிகீது.”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்கள் கடைக்கு அரை மணிக்குள் ஒரு சாவு வந்து நிற்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் நானோ முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, “போன வாரமும் இப்டித்தான் மாஸ்டர், நீங்க பயப்புடுவீங்கன்னு சொல்லல” என்றேன். அன்றிலிருந்து கரண்ட் வந்தால் அவர் சாப்பாட்டை மூடிவிட்டு வாசலைப் பார்த்து உட்காருவார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரிப்பேன். சில நாள் பெட்டி எழுந்து மாலை வரை யாரும் வராமல் போகும். அந்த நாட்களில்தான் அவர் அதிகம் பயந்தார். யாரோ வழியில் இருக்கிறார்கள் என்பார். ஒருமுறை அவரோடு சேர்ந்து நானும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததை உணர்ந்து, இல்லாத வேலைக்காகத் தெருவுக்கு ஓடினேன்.

மாஸ்டரின் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரத்தில், அவர் என்னிடம் லேப்டாப் ஒன்று பார்க்கச் சொன்னார். விலை கையைக் கடிக்கக் கூடாது, கரண்ட் கம்மியாகக் குடிக்க வேண்டும் என்றார். எனக்கு ஒரே குஷி. டெஸ்க்டாப்பை இன்வெர்ட்டரில் ஓட்டினால் இன்வெர்ட்டர் பத்து நிமிடம் அழுதுவிட்டு அடங்கிவிடும்; மின் கட்டணத்தை நினைத்துத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. “நடுவுல கரண்ட் போனா அதுக்குத் தெரியுமா?”

“தெரியவே தெரியாது மாஸ்டர். பேட்டரி கீது. அஞ்சாறு மணி நேரம் அது பாட்டுக்கு ஓடும்.”

“அப்ப அதான் வேணும். சீக்கிரம்.”

சீக்கிரம் என்ற சொல் என் காதில் விழுந்து அப்படியே வெளியே போய்விட்டது. ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். சிவப்பு விளக்கு எரியும் விளையாட்டு லேப்டாப் ஒன்றில் மனம் போனது. அதன் சார்ஜர் செங்கல் கனம் இருந்தது, விசிறி விசைப்படகுபோல் இரைந்தது. கடைசியில் ஏதோ ஆபீசில் ஓடி வந்த பழைய லேப்டாப் அமைந்தது. குறைந்த கரண்டில் ஓடும் பிராசசர், அறுபத்தைந்து வாட் சார்ஜர், புது பேட்டரி, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி. முதல் வாரத்திலேயே அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். பிறகு இரண்டு வாரம் எதற்கு இழுத்தேன் தெரியுமா? ஓசியில் ஒரு பையும் மவுசும் வாங்கிவிட வேண்டும் என்று. ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அலைந்துகொண்டிருந்த மாஸ்டர் தினமும் கேட்டார்: “இன்னா நைனா, ஆச்சா?” நான் தினமும் பேரத்தின் வீரக்கதையைச் சொன்னேன்.

பை கிடைத்த நாள் மதியம், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ராஜா மாதிரி கடைக்குள் நுழைந்தேன். மாஸ்டர் டெஸ்க்டாப் முன்னால் நின்றிருந்தார். பச்சை விளக்கு எரிந்தது; திரையில் வெள்ளை வட்டம். இரண்டு கைகளாலும் அந்த வட்டத்தை மூடிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து.

அவர் ஆட்டோவில் ஏறிப் போனதும், எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொள்ளப் பக்கத்துத் தையற்கடை அக்காவிடம் கேட்டேன், கரண்ட் எத்தனை மணிக்கு வந்தது என்று. அவர் மெஷினை மிதித்தபடியே, “இன்னிக்கு கரண்டு போவவேயில்லையே பா” என்றார். நான் முறுக்கிய ஒயர்தான் நழுவி மறுபடி ஒட்டியிருக்கும். வேறென்ன. இந்த ‘வேறென்ன’வை இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாஸ்டர் வீட்டு அம்மாவின் பேனரை நான்தான் புது லேப்டாப்பில் செய்தேன். மாஸ்டர் பின்னால் நின்றார். படத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காரியம் முடிந்ததும் கடையையும் லேப்டாப்பையும் என்னிடம் விட்டுவிட்டு, டெஸ்க்டாப்பை மட்டும் வீட்டுக்குத் தூக்கிப் போனார்.

லேப்டாப் இன்றும் ஓடுகிறது. கரண்ட் போகும், வரும், அது கண்டுகொள்வதில்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் டெஸ்க்டாப் இருந்த மூலையைப் பார்க்கிறேன். போன மாதம் தாங்க முடியாமல், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கடற்கரைப் பக்கத்து ஒற்றை அறை. நான் போனபோது கரண்ட் இல்லை. பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, யாரையோ எதிர்பார்ப்பவர்போலச் சட்டை மாட்டித் தலைவாரி உட்கார்ந்திருந்தார். அரையிருட்டில் அவர் முகபாவம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது. பட்டன், செட்டிங், ஒயர், அடித்த பொய், ஓசிப் பை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

கரண்ட் வந்து விசிறி சுழன்றது. ஓட்டைக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி உறுமிக்கொண்டு எழுந்து, யாரும் தொடாமல், அந்தப் பக்கத்தைத் திறந்தது. குத்துவிளக்கும் இல்லை, எழுத்தும் இல்லை. முட்டை வட்டத்துக்குள் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ரெண்டே நிமிசம் மாஸ்டர், அந்த செட்டிங்க எடுத்து வுட்டுர்றேன்” என்று கீபோர்டுப் பக்கம் குனிந்தேன்.

“அதுல கை வெக்காத” என்றார்.