ரத்தம் ஊறட்டும் என்று

எங்கள் பக்கம் ரத்தம் என்றால் குறையும், அவ்வளவுதான் தெரியும். பெண்பிள்ளை வெளுத்துப்போனால் முருங்கைக்கீரை, பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல். ரத்தம் கூடிப்போய் ஒரு மனுஷனுக்கு ஆபத்து வரும் என்று யாராவது சொல்லியிருந்தால், "போய் வேலையைப் பாருங்க" என்றிருப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு அதுதான் வந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர் அவர். அறுபதை நெருங்கியும் முகம் செக்கச்செவேல் என்றிருக்கும். "நல்லா ஆக்கிப் போடறீங்க போல" என்று சொந்தக்காரர்கள் சொன்னால் எனக்குப் பெருமை தாங்காது. குளித்துவிட்டு வந்தால் மட்டும் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டு நிற்பார். சோப்பை மாற்றிப் பார்த்தேன். ஓயாத தலைவலிக்குத் தைலம் தேய்த்தேன். கடைசியில் டெஸ்ட் எடுத்த டாக்டர் சொன்னார்:

"சிவப்பணு ரொம்ப ஜாஸ்திம்மா. ரத்தம் கெட்டியா ஓடுது. எங்கனா அடைச்சிக்கிட்டா பக்கவாதம் வந்துடும். இப்போதைக்கு மாசாமாசம் ஒரு பை ரத்தம் எடுத்துடணும்."

எடுத்ததை யாருக்கும் ஏற்ற மாட்டார்களாம், கொட்டிவிடுவார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. முதல் தடவை எடுத்துவிட்டு வந்த அன்று மனுஷன் சோர்ந்து சுருண்டு படுத்துவிட்டார். பார்க்கப் பொறுக்கவில்லை. அவர்கள் எடுக்கிறதை எடுக்கட்டும், நான் ஊற வைத்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு.

சுவரொட்டி வறுவலும் பேரீச்சம்பழமும் போதாது என்று தோன்றியது. மகள் முழுகாமல் இருந்தபோது கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை பீரோவில் மிச்சம் இருந்தது. "சத்து மாத்திரைங்க" என்று தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கையில் வைத்தேன். தீர்ந்ததும் மெடிக்கலில் வாங்கினேன்.

மாசாமாசம் ரத்தம் எடுத்தார்கள். அளவு இறங்கவே இல்லை. டாக்டர் குழம்பினார். நானோ, என் கைப்பக்குவம் வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். சொல்லவே கூசுகிறது.

ஒரு பௌர்ணமி அன்று காலையில் லாட்ஜிலிருந்து போன். ரிஜிஸ்டரில் எழுதும்போது பேனா கையிலிருந்து நழுவி நழுவி விழுகிறதாம், வாய் கோணுகிறதாம். ஓடிப்போய் அவரை ஆட்டோவில் ஏற்றினேன். கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை சாமியைக் கும்பிட்டேன், எத்தனை பேரைத் திட்டினேன் என்று தெரியாது.

நல்லவேளையாகக் கை திரும்பி வந்தது, பேச்சும் தெளிந்தது. "இது எச்சரிக்கை. அடுத்தது இப்படி விடாது" என்றார் டாக்டர். பிறகு என் வீட்டுக்காரரிடம் கேட்டார், "வேற எதுனா மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்ல சார். வீட்ல சத்து மாத்திரை மட்டும் குடுப்பாங்க."

என்ன மாத்திரை என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார். சொன்னேன்.

"நாங்க ஒரு பக்கம் எடுக்கறோம், நீங்க ஒரு பக்கம் ஊத்தறீங்களாம்மா?"

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. "எனக்குத் தெரியாது சார்" என்று மட்டும் டாக்டரிடம் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

முப்பத்திரண்டு வருஷமாக நான் கொடுத்த எதையும் அவர் இது என்ன என்று கேட்டதில்லை. இப்போது தட்டில் கீரை வைத்தாலும் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்கிறது. ஆனாலும் பதில் சொல்கிறேன். அவர் கேட்டுவிட்டே சாப்பிடட்டும்.