நேரில் வந்து காட்டிய அம்மை

எங்கள் காலுறைக் கம்பெனியின் விடுப்பு குமாஸ்தாவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'நேர்ல வாங்க'. உடம்பு சரியில்லை என்று போன் செய்கிறவர்களுக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர் சொன்ன ஒரே பதில் அது. காய்ச்சலோ கால் முறிவோ, வந்து காட்டினால்தான் கையெழுத்து. எனக்கு வயிற்றுப்போக்கு வந்தபோதும் வரச் சொன்னார். போனேன். உடனே நம்பினார்.

நாற்பத்தொன்பது வயதில் அவருக்கு அம்மை போட்டது. இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும். மூன்றாம் நாள் காலையில் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள், சிலவற்றில் நீர் கோத்திருந்தது. பேசாமல் வீட்டில் படுத்திருக்கலாம். மனுஷனுக்கு அவர் போட்ட சட்டம்தான் பெரிது. ஆபீசுக்கு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து விடுப்புப் படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பி, மேனேஜர் முன்னால் சட்டைப் பட்டனைக் கழற்றிக் காட்டினார். மேனேஜர் நாற்காலியோடு பின்னால் போனார்.

அந்த ஒரு மணி நேரமும் எதிர் மேஜையில் டைப்பிஸ்ட் இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம்.

"பக்கத்துல கர்ப்பிணிங்க யாராவது இருந்தாங்களா?" என்றுதான் அன்று மத்தியானம் அவர் போய்ப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டார். புள்ளி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்றுமாம். கடைசிக் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை விடாதாம். ஒரே அறையில் மூச்சு விட்டாலே போதுமாம். பெரியவர்களுக்குக் கடுமையாக வரும் என்று மாத்திரை எழுதினார். நகத்தை வெட்டுங்கள், சொறியாதீர்கள், தாராளமாகக் குளிக்கலாம், ஆஸ்பிரின் மட்டும் கூடாது என்றார். இவர் காதில் எதுவும் ஏறவில்லை.

வெளியே வந்ததும் டைப்பிஸ்டுக்குப் போன் போட்டார்.

"சின்ன வயசுல உனக்கு அம்மை போட்டிருக்காம்மா?"

"தெரியல சார். அம்மா இருந்திருந்தா கேக்கலாம்."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொல்லு. ரத்தம் டெஸ்ட் பண்ணுவாங்க."

"லீவு லெட்டரை நேர்ல வந்து குடுக்கணுமா சார்?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை.

"வேண்டாம்மா. போ."

மறுநாள் சாயங்காலம்வரை அவர் ஒரு கொப்புளத்தைக்கூடச் சொறியவில்லை என்று அவர் மனைவி சொன்னார். போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். எனக்கு அவர்மேல் இருபத்திரண்டு வருஷக் கோபம். இதைக் கேட்டபோது பாவமாக இருந்தது.

டைப்பிஸ்ட் கூப்பிட்டாள். எப்போதோ அவளுக்கு அம்மை வந்து போயிருக்கிறது, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, குழந்தைக்குப் பயமில்லை என்றாள். அவர் போனை மனைவியிடம் நீட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதார்.

"சார் எங்கேம்மா?" என்றாள் டைப்பிஸ்ட்.

"அரிப்பு தாங்கல போல," என்றார் மனைவி. "அப்புறம் பேசுவாரும்மா."