கேட்டில் போன புல்லெண்ணெய்

காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு நாங்கள் சோறு கொடுக்கிறோம் என்று சொல்லி, மலாயாவின் அவசரகாலத்தில் லுக்குட் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். எங்கள் காய்கறிக் கொல்லை கம்பிக்கு வெளியே மாட்டிக்கொண்டது. பகலில் போய் வரலாம். அரிசி, மருந்து, எண்ணெய் எதுவும் கையில் இருக்கக் கூடாது.

ரேஷன் அரிசியோடு சேர்த்துச் சாப்பிட, அந்தக் கொல்லையில் நான் போட்ட பயத்தங்கொடியை விட்டால் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை. அந்த வருடம் கொடியில் அசுகுணிப் பூச்சி ஏறியது. கொழுந்தெல்லாம் கறுப்பாக மொய்த்துக் கிடந்தது. அதற்கு எங்களிடம் ஒரே மருந்துதான். செராய் வாங்கி என்று மலாய்க்காரர்கள் சொல்லும் வாசனைப் புல்லின் எண்ணெயைச் சவுக்காரத் தண்ணீரில் சில சொட்டு விட்டுக் கலக்கி, ஈர்க்குமாறால் தெளிப்போம். இரண்டு மூன்று தெளிப்பில் பூச்சி விழுந்துவிடும்.

என் கூடையில் இருந்த சின்னச் சீசாவைக் கம்பிவேலி கேட்டில் நின்ற காவல்காரர் எடுத்தார்.

"கொசு எண்ணெய்தானே? காட்டுல உள்ளவன் கொசுக்கடி இல்லாம நிம்மதியா தூங்கவா?"

கூட வந்த என் நாத்தனார்தான் பேசினாள். "கொடிக்கு அடிக்கிறது தம்பி. மோந்து பாருங்க, குடிக்கிற சாமானா இது?"

"கொடியக் கொசு கடிக்குதாலா?" என்று சிரித்தார். சீசா காவல் கொட்டகைக்குள் போனது.

ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் கொசுவுக்காக இதே எண்ணெயைத் தலைத்துணியில் தடவிக்கொள்வார்கள். அதை யாரும் தடுத்ததில்லை. வீட்டில் மிச்சம் இருந்ததை என் தலைத்துணியில் ஊறவைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் கேட்டைத் தாண்டினேன். கண் எரிந்து நீர் வழிந்தது. கொல்லைக்குப் போய்த் துணியை அவிழ்த்துச் சவுக்காரத் தண்ணீரில் அலசினேன். தண்ணீரில் வாசனைகூடச் சரியாக இல்லை. வெயிலில் நடந்த நடையில் எண்ணெய் பறந்துவிட்டிருந்தது. தெளித்தும் ஒரு பூச்சி சாகவில்லை. பிஞ்செல்லாம் சுருண்டு, கொடி காய்ந்தது.

நாத்தனார் ஒரு கொடியை வேரோடு பிடுங்கி, அசுகுணியோடு கொண்டுவந்து காவல் கொட்டகை மேசைமேல் போட்டாள்.

"இந்தாங்க தம்பி, எங்க சாப்பாட்டைத் தின்னுட்டுப் போற ஆளு. பிடிச்சுக்குங்க."

"எடுத்துட்டுப் போக்கா, பெரிய தொந்தரவுலா ஒன்னோட" என்று அவர் கொடியை விரலால் தள்ளினார். தள்ளிய கை முழங்கை வரை பளபளத்தது. கொட்டகையே புல்லெண்ணெய் வாசனையாக இருந்தது. என் சீசா சன்னலில், பாதி காலியாக, மூடி திறந்தபடி நின்றது.

காட்டுக்காரனைக் கொசு கடிக்க வேண்டும் என்றுதானே பிடுங்கினார்கள்? பிறகு யாருடைய கொசுவுக்கு என் எண்ணெய்?

இதைக் கேட்க வாய் திறப்பதற்குள் நாத்தனார் என் கையைப் பிடித்து இழுத்தாள். அன்று இரவு வெறும் சோற்றில் உப்பைக் கரைத்துச் சாப்பிட்டோம்.