மன்னிக்கும் பக்கம்

பாபநாசத்திலிருந்து நெல்லை செல்லும் பேருந்தில், பக்கத்து இருக்கையில் நரைத்த தலையோடு ஓர் அம்மா குங்ஃபூ சித்திரக்கதை படித்துக்கொண்டு வந்தார். வீரன் தன் எதிரியை மன்னிக்கும் கடைசிப் பக்கம் வந்ததும் அதைக் கிழித்துக் கசக்கினார்.

“ஏம்மா கிழிச்சீங்க?”

“இது எம்மவன் சேத்து வச்ச புத்தகம், அண்ணாச்சி. அவன அடிச்சுக் கொன்னவன், சாட்சி இல்லன்னு வெளிய வந்து சேரன்மாதேவில கடை வச்சிருக்கான். வாராவாரம் எதுத்தாப்புல உக்காந்து படிப்பேன். ஒண்ணும் பேச மாட்டேன். அவனுக்கு எடை தப்பிப் போகும்.”

“மன்னிச்சிட்டா உங்களுக்கு நிம்மதியா இருக்குமே?”

“எனக்கு எதுக்கு நிம்மதி? அவனுக்கு இருக்கக் கூடாது.”

சேரன்மகாதேவியில் இறங்கி, ஒரு மளிகைக் கடைக்கு எதிரே நிழலில் உட்கார்ந்தார். பேருந்து கிளம்பும்போது, எடை போட்டுக்கொண்டிருந்த கடைக்காரன் பட்டப்பகலில் ஷட்டரை இழுத்து மூடுவதைப் பார்த்தேன். ஏனோ எனக்கும் நிறைவாக இருந்தது.