நடுக்கூடத்துக் கடற்போர்

பாலாற்றில் மணலைத் தவிர வேறெதையும் நான் பார்த்திராத ஆம்பூரில், எங்கள் கூடத்துச் சுவர் முழுக்கக் கடல் இருந்தது. அப்பா வேலை பார்த்த ஷூ கம்பெனியில் விருந்தினர் அறையைப் புதுப்பித்தபோது வேண்டாமென்று கழற்றிய ஓவியம் அது. இரண்டு வெள்ளைக்கார ராஜாக்கள் எப்போதோ நடத்திய கடற்போர். பாய்மரங்கள் எரியும், ஒரு பெரிய கப்பல் பாதி மூழ்கியிருக்கும். அப்பா அதை டெம்போவில் ஏற்றிவந்து, சுவரில் போல்ட் போட்டே மாட்டிவிட்டார்.

“நடு வூட்ல கப்பல் மூழ்கலாமா?” என்றாள் அம்மா.

“மூழ்கறது எதிரி கப்பல்” என்றார் அப்பா. எதிரி யார் என்பது அவருக்கும் தெரியாது.

அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு தங்கி, அதே கம்பெனியின் தையல் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்ததும் என்னை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கப்பல்காரர்களுக்கெல்லாம் பேர் வைத்துக் கதை சொல்வாள்.

வாலாஜாபேட்டையிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்ததால், அம்மா ஓவியத்தின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள். வெயில் ஜாஸ்தி என்று அப்பா மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். சித்தி காபித் தட்டோடு வரவும், போர்வை நழுவி மாப்பிள்ளையின் அம்மா தலையில் விழவும் சரியாக இருந்தது. அவர் அதை விலக்கித் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாங்க இது, நல்ல காரியம் பேசற எடத்துல?”

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் எழுந்து படத்தருகே போனார்.

“இதுல ஜெயிச்சது யாருங்க?” என்று சித்தியைக் கேட்டார்.

“தெரியலீங்க. ஆனா இந்த ஆளு பொழச்சிக்குவான். கயித்தப் புடிச்சிட்டான் பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். பிறகு இன்னொருவனைக் காட்டிக் கேட்டார். காபி ஆறிப்போகும்வரை இருவரும் பேசிக்கொண்டே நின்றார்கள்.

எனக்கு ஒரே கவலை. இவ்வளவு பிடித்துவிட்டால் படத்தைக் கேட்டுவிடுவாரே. அவர்கள் கிளம்பும்போது மாப்பிள்ளையை வாசலில் வழிமறித்து, “படத்த தரமாட்டோம்” என்றேன்.

“படம் உனுக்குத்தான் பாப்பா. படத்த நான் எடுத்துக்கினு போகமாட்டேன்” என்றார், சித்தியைப் பார்த்துக்கொண்டே. அவருடைய அம்மா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சித்தி உள்ளே ஓடிவிட்டாள்.

படம் தப்பித்த செய்தியைத் தெருவெல்லாம் சொல்லிவந்தேன். கல்யாணம் முடிந்து சித்தியும் மாப்பிள்ளையும் ஏறிய கார் கிளம்பியபோது, அம்மா ஏன் அப்படி அழுகிறாள் என்று புரியவில்லை. திங்கட்கிழமை கம்பெனிக்குப் போகவேண்டுமே, அதற்குள் சித்தி வந்துவிடுவாள் என்று சந்தோஷமாகக் கையசைத்தேன்.