மாதா போத்தலுக்குள் வேறு எண்ணெய்

டென்மார்க்கின் வைலே நகரத்தை ஏணியில் சாய்த்து வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். கீழே கடல் நிலத்துக்குள் நுழையும் ஃபியோர்டு பக்கம் கடைகளும் ரயிலும். மேலே போகப் போகத் தெரு செங்குத்தாகி, மூச்சு முட்டி, கடைசியில் ஆகாயத்துக்குப் பக்கத்து வீடாக நிற்பது குணசேகரத்தின் வீடு. சாமான் வாங்கப் போய்த் திரும்பி ஏறுவதற்குள் பால் தயிராகிவிடும்.

குணசேகரம் பதினெட்டு வருடமாக உறைந்த இறைச்சிக் களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். உள்ளே இருபத்திரண்டு பாகை குளிர், சைபருக்குக் கீழே. அங்கே தும்மினால் தும்மல் நிலத்தில் விழுந்து உடையும். அந்தக் குளிர் அவருடைய வலது தோளுக்குள் புகுந்து, வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. பகலில் சும்மா இருக்கும். படுத்தால் எழும்பும். இந்த வருடம் தொடக்கத்திலிருந்து அவர் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தூங்கியதில்லை.

ஆவணி மாதம் ஜேர்மனியிலுள்ள கெவலார் மாதாவைக் கும்பிட்டுவிட்டு, டென்மார்க் தமிழர் ஒரு வான் நிறையத் திரும்பி வந்தார்கள். எல்லைப் பக்கக் கடைகளில் வழக்கம்போல வானை நிறுத்தினார்கள். பெண்கள் அரிசியும் சவர்க்காரமும் அள்ளப் போக, அந்தோனிதாசன் குணசேகரத்தின் சட்டையைப் பிடித்து இழுத்து வேறொரு கடைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அந்தோனிதாசன் களஞ்சியத்தில் கூட வேலை செய்பவர், செபக் கூட்டத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர், கைபேசியில் உலகத்திலுள்ள எல்லா நோய்களையும் வாசித்து முடித்தவர்.

"அண்ணை, இதுதான் சி.பி.டி. எண்ணெய். கஞ்சாச் செடியில இருந்து எடுக்கிறது. ஆனா வெறிக்காது."

"வெறிக்காத கஞ்சாவை என்னத்துக்கடா காசு குடுத்து வாங்கிறது?"

"நித்திரைக்கு அண்ணை. ஒவ்வொரு நாளும் நாக்குக்குக் கீழ ரெண்டு துளி. நோவுக்கும் நல்லதாம், மனப் பதட்டத்துக்கும் நல்லதாம்."

"எனக்கென்னடா பதட்டம்?"

"போத்தலில இருக்கிற இலைப் படத்தை அக்கா பாத்தா வரும்."

அது பகிடி இல்லை. குணசேகரத்தின் மனைவி தங்கமலர் செபக் கூட்டத்தின் தலைவி. ஒரு முறை மகளோடு படித்த பெடியன் ஒருவன் அந்த இலை போட்ட சட்டையோடு வீட்டுக்கு வந்தான். தங்கமலர் அவனுக்குத் தேத்தண்ணியும் கொடுத்து, முழுச் செபமாலையும் சொல்லி முடிக்கும்வரை எழும்ப விடவில்லை. அதற்குப் பிறகு அவன் அந்தத் தெருவையே மறந்துவிட்டான்.

ஆகவே குணசேகரம் யோசித்தார். கெவலாரில் மாதா உருவத்தில் சின்னப் பிளாஸ்டிக் போத்தல்கள் விற்பார்கள். தலையில் கிரீடமாக இருக்கும் நீல முடிதான் மூடி. முடியைத் திருகினால் திறக்கும். வீட்டில் செபத்தட்டில் அப்படி மூன்று போத்தல்களில் ஆசீர்வதித்த எண்ணெய் இருந்தது. நாலாவதாக ஒன்றில் தன் எண்ணெயை ஊற்றி, அந்தோனியார் சுருவத்துக்குப் பின்னால் நிறுத்தினார். மாதாவை யாரும் சந்தேகப்படுவார்களா?

மூன்றாம் வாரம் அவர் தூங்கினார். எண்ணெயின் வேலையோ, அந்தோனிதாசன் சொல்லிப் பின்னேரக் கோப்பியை நிறுத்தினதோ, தெரியாது. ஆனால் தூங்கினார். குறட்டையில் ஃபியோர்டுப் பாலம் ஆடியிருக்கும். தோளும் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டது. அவர் விடியற்காலை வேலைக்கு விசிலடித்துக்கொண்டு போனதைப் பார்த்த பக்கத்து வீட்டு டெனிஷ்காரர், மனிதனுக்கு லொத்தர் விழுந்துவிட்டதென்று ஊரெல்லாம் சொன்னார்.

ஒன்றுதான் விளங்கவில்லை. எண்ணெய் சுறுக்காக முடிந்தது. துளி கணக்குப் பிழைத்துவிட்டதென்று நினைத்து, எல்லைக் கடையில் வாங்கி மறைத்து வைத்திருந்த மண்ணிறப் போத்தல்களிலிருந்து மாதாவை நிரப்பிக்கொண்டே இருந்தார்.

அதே நாட்களில் தங்கமலருக்கு வேறொரு கணக்குப் பிழைத்தது. எட்டு வருடத்துக்கு முன் அவளுடைய இருதயத்தில் ஒரு வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து இரத்தம் கட்டிபடாமல் இருக்க ஒவ்வொரு நாளும் குளிசை. மாதத்துக்கொரு முறை இரத்தம் குத்திப் பார்ப்பார்கள். எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டிபடும். கூடினால் உள்ளே எங்காவது ஒழுகத் தொடங்கி நிற்காது. எட்டு வருடம் நல்ல பிள்ளையாக நின்ற எண், ஐப்பசியில் நாலு தசம் நாலு. குளிசையைக் குறைத்தார்கள். இரண்டு கிழமையில் ஐந்து தசம் ஒன்று.

ஐந்து தசம் ஒன்று வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை குணசேகரம் வழக்கம்போல மொழிபெயர்க்கப் போனார். வைத்தியர் ஒரு இளம் பெண். தங்கமலரின் முழங்கையில் கிடந்த ஊதா நிறக் கண்டலைப் பார்த்துவிட்டு, புதிதாக ஏதாவது மருந்தோ மூலிகையோ எடுக்கிறாளா என்று கேட்டாள்.

"மலர், புது மருந்து ஏதும் எடுக்கிறியோ எண்டு கேக்கிறா."

"நானோ? கறிவேப்பிலை கூட எறிஞ்சுபோட்டுத்தான் சாப்பிடுறன் எண்டு சொல்லுங்கோ."

அவர் சொன்னார். வைத்தியர் எழுதினாள். அடுத்த செவ்வாய் திரும்பி வரச் சொன்னாள்.

வியாழக்கிழமை களஞ்சியத்தில் யந்திரம் பழுதாகி, குணசேகரம் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். தங்கமலர் செபத்தட்டுக்கு முன்னால் நின்றாள். அந்தோனியாருக்குப் பின்னாலிருந்த மாதாவை எடுத்தாள். முடியைத் திருகினாள். தேத்தண்ணிக் கரண்டியில் அரைக் கரண்டி ஊற்றி விழுங்கி, மிச்சத்தை முழங்காலில் தடவினாள்.

குணசேகரத்துக்குக் களஞ்சியக் கதவு நெஞ்சுக்குள் திறந்ததுபோல இருந்தது.

"என்ன மலர் அது?"

"கெவலார் எண்ணெய். அந்தோனியாருக்குப் பின்னால புதுசா ஒண்டு நிண்டது, எனக்கெண்டே வைச்ச மாதிரி. ஒவ்வொரு நாளும் எடுக்கிறன், ஒரு மாதத்துக்கு மேல. கைப்புத்தான். ஆனா என்ர முழங்காலைப் பாருங்கோ, கடைக்குப் போய் நிக்காமல் ஏறி வாறன். நித்திரையும் அடிச்சுப் போட்ட மாதிரி." குரலைத் தணித்தாள். "புதுமையப்பா. சனிக்கிழமை கூட்டத்தில சாட்சி சொல்லப் போறன்."

அவர் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். எறியாமல் வைத்திருந்த எண்ணெய்ப் பெட்டிக்குள்ளிருந்த துண்டுக் காகிதத்தைக் கைபேசிக்குக் காட்டி மொழிபெயர்க்க வைத்தார். கடுகு எழுத்தில் பன்னிரண்டாவது வரி: இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதை எடுக்க வேண்டாம். அந்த ஒரு வரி அவர் கண்ணுக்கு வீதி விளம்பரப் பலகை அளவு பெரிதாகத் தெரிந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கத்தான் வந்தார். தங்கமலர் மேசைக்கு முன்னால் இருந்து சாட்சிக்கு வேண்டியதைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். முகம் கல்யாண நாளில் இருந்ததைவிட வெளிச்சமாக இருந்தது. 'மாதா தந்தது கஞ்சா' என்று இதற்குள் எப்படிச் சொல்வது? சனி போகட்டும், ஞாயிறு சொல்லுவம், செவ்வாய் எப்படியும் வைத்தியரிட்டைப் போறம்தானே என்று மூன்று முடிச்சுப் போட்டுத் தன்னைத்தானே கட்டிக்கொண்டார். அன்று பின்னேரம் அவள் குளிக்கும்போது போத்தலைக் கழுவி, தேங்காயெண்ணெயைச் சூடாக்கி ஊற்றிவைத்தார். இனி விழுங்கினாலும் பிழையில்லை.

கூட்டத்தில் எல்லோருக்கும் பூச மிச்சம் வேண்டுமென்று, வியாழனோடு அவள் எண்ணெயை எடுப்பதை நிறுத்திவைத்தாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை அவளுடைய மற்றக் கையிலும் கண்டல். அவர் அதைப் பார்த்தார். பல் தீட்டிய தண்ணீரில் சிவப்பு. அதையும் பார்த்தார். சொல்லவில்லை. அன்றிரவு அவர் கண் மூடவில்லை. இந்த முறை தோள் காரணமில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வரவேற்பறையில் பதினான்கு பேர். கோப்பைகளைவிட ஆட்கள் கூட. மகள் நிறோஷினியும் ஓல்போர்க்கிலிருந்து வந்திருந்தாள். அங்கே கணக்காய்வு வேலை. தமிழில் கேட்டால் டெனிஷில் மறுமொழி சொல்லும் பிள்ளை. செபமாலை முடிந்தது. தங்கமலர் எழும்பி, முழங்காலைத் தட்டிக் காட்டி, மேட்டுத் தெருவை மான்குட்டி மாதிரி ஏறுவதைச் சொல்லி முடித்தாள். பதினான்கு பேரும் பெருமூச்சு விட்டதில் மெழுகுதிரி அணைந்தது.

"எனக்கும் ஒரு சொட்டுத் தாங்கோ அக்கா, இந்த இடுப்புக்கு," என்று முன்னுக்கு வந்தாள் கிளோறியா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள், மூக்கால் உப்புப் பார்ப்பவள்.

தங்கமலர் மாதாவைக் கவிழ்த்தாள். ஒன்றும் வரவில்லை. தட்டினாள். வெள்ளையாகக் கட்டியொன்று எட்டிப் பார்த்தது. கிளோறியா முகர்ந்தாள்.

"அக்கா, இது தேங்காயெண்ணெயெல்லோ. குளிருக்கு உறைஞ்சுபோச்சு."

"தேங்காயெண்ணெயோ? என்ர எண்ணெய் மண்ணிறமடி. கைப்பு." தங்கமலர் முகர்ந்தாள். முகம் சிவந்தது. "ஆர் இதில கை வைச்சது? மாதான்ர எண்ணெயை ஆர் மாத்தினது?"

அந்தோனிதாசன் மெதுவாகத் திரும்பிக் குணசேகரத்தைப் பார்த்தார். குணசேகரம் திரைச்சீலையைப் பார்த்தார்.

"ஆரெண்டு கேக்கிறன்!"

அந்தக் கேள்வியோடு தங்கமலரின் மூக்கிலிருந்து ஒரு துளி கொப்பியில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

வீடு சந்தையானது. ஒருத்தி ஐஸ் என்றாள், ஒருத்தி வெங்காயம் என்றாள், ஒருவர் தலையை அண்ணாத்தச் சொன்னார், இன்னொருவர் குனியச் சொன்னார். இரண்டு துவாய் நனைந்தது. மூன்றாவது நனைந்தது. நிறோஷினி அவசர வைத்தியருக்கு அழைத்து, சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கைபேசியை மேசையில் வைத்தாள். மூக்கின் மெத்தென்ற பக்கத்தை இறுக்கிப் பிடித்து முன்னுக்குக் குனியச் சொன்னது அந்தக் குரல். பிறகு, இரத்தம் கட்டிபடாமலிருக்கும் குளிசை எடுக்கிறாவா என்றது. ஓம். புதிதாக வேறு ஏதாவது?

"அம்மா, வேற ஏதும் எடுத்தனீங்களா?" நிறோஷினி முதல் தடவையாகத் தமிழில் கேட்டாள்.

தங்கமலர் துவாய்க்குள்ளிருந்து இல்லை என்று தலையாட்டினாள்.

பதினான்கு பேர். பதினான்கு பேருடைய நாக்கும் தூரத்து ஸ்கீவ நகரம் வரைக்கும் நீளும். குணசேகரம் மனைவியின் கையைப் பார்த்தார். செபமாலை இன்னும் விரலில் சுற்றியிருந்தது. மணிகள் சிவந்திருந்தன.

"எடுத்தவ," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது மாதா எண்ணெய் இல்லை. என்ர எண்ணெய். கஞ்சாச் செடி எண்ணெய். நான்தான் போத்தலில ஒளிச்சு வைச்சனான். ஒரு மாதத்துக்கு மேல குடிச்சிட்டா. சொல்லு பிள்ளை, சி.பி.டி. எண்டு சொல்லு."

வெங்காயம் வெட்டப் போனவள் கத்தியோடு நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. நிறோஷினி ஒரு கணம் அப்பாவைப் பார்த்துவிட்டு, டெனிஷில் மடமடவென்று சொன்னாள். கைபேசிக் குரலின் வேகம் மாறியது. அம்புலன்ஸ் வருகிறது, போத்தலையும் கொண்டுவாருங்கள் என்றது.

அம்புலன்ஸ் அந்த மேட்டை ஏறி வர ஒன்பது நிமிடம். குணசேகரத்துக்கு அது பதினெட்டு வருடம். மண்டியிட்டு மனைவியின் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கண்கள் அவர் முகத்துக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தன. இமைக்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் எண் ஏழு தசம் இரண்டு என்று வந்தது. மருந்து கொடுத்தார்கள், மூக்கைப் பஞ்சால் அடைத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். உள்ளே ஒழுக்கு இல்லை. வைத்தியர் விளங்கப்படுத்தினார்: அந்த எண்ணெயால் சிலருக்கு நோவும் நித்திரையும் கொஞ்சம் சுகப்படுகிறது என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் உறுதியான சான்று இன்னும் இல்லை. ஆனால் இந்தக் குளிசையை உடம்பு கரைத்து அனுப்புகிற வழியை அது மறித்துவிடும். குளிசை தேங்கித் தேங்கி எண் ஏறும். சொல்லியிருந்தால் தொடக்கத்திலேயே பிடித்திருக்கலாம். பிறகு குணசேகரத்திடம் திரும்பி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆள் அதற்குள் என்ன கலந்திருக்கிறதென்று தெரியாமல் நாக்கில் விடுவதும் புத்தியில்லை என்றார். குணசேகரம் தலையாட்டினார். அன்று அவருடைய தலை அதற்கு மட்டும்தான் உதவியது.

வைத்தியர் போன பிறகு தங்கமலர் அடைத்த மூக்கால் கதைத்தாள்.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

"வியாழக்கிழமை."

"இண்டைக்குச் சனி."

களஞ்சியத்தில் கூட அவருக்கு அப்படிக் குளிர்ந்ததில்லை.

"ரெண்டு நாள் என்ர கையைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். வெக்கத்துக்குப் பயந்து." யன்னல் பக்கம் திரும்பினாள். "அப்ப என்ர முழங்கால்? அதுகும் புதுமை இல்லையோ?"

"இல்லை மலர்."

அப்போதுதான் அவள் அழுதாள். இரத்தம் ஓடும்போது அழாதவள்.

செவ்வாய்க்கிழமை அதே இளம் வைத்தியரிடம் போனார்கள். எண் மூன்று. புதிதாக ஏதாவது எடுக்கிறீர்களா என்று வைத்தியர் கேட்டாள். குணசேகரம் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். தங்கமலர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். கைப்பையிலிருந்து இரத்தக் கறை பட்ட சாட்சிக் கொப்பியை எடுத்து, புதுப் பக்கத்தைப் புரட்டி, உடைந்த டெனிஷில் தானே ஒவ்வொன்றாக வாசித்தாள். குளிசை. இஞ்சித் தேத்தண்ணி. உள்ளி. தைலம். கெவலார் எண்ணெய், வெளியில் பூச மட்டும். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து கணவனைச் சுட்டினாள்.

"இவருக்குத் தோள் நோ. நித்திரை இல்லை. வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்ல மாட்டார்," என்றாள் டெனிஷில். "இவரையும் பாருங்கோ."

வைத்தியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். குணசேகரம் பொத்தானைத் தேடினார். வலது தோள் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கமலர் எழும்பி வந்து, பொத்தானைக் கழற்றிவிட்டாள்.