சாக்பீஸ் வட்டம்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எந்த வேலையையும் பிறரிடம் கேட்டுச் செய்தவள் இல்லை.

போன மாதம் சின்னசேலம் அருகே, அருங்காட்சியகத்தில் வைப்பதற்காக ஒரு பழைய ரயில்பெட்டியைத் தன்னார்வலர்கள் புதுப்பித்தார்கள். நானும் பக்கத்து வீட்டுச் செல்வியும் ஆசையாக உதவப் போனோம். உப்புத்தாளால் பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். பொறுப்பாளர் சார் விளக்கியபோது, எனக்குத் தெரியாததா என்று நான் காது கொடுக்கவில்லை. கதவில் ஓரிடத்தில் சாக்பீஸ் வட்டம் இருந்தது. அழுக்கு அதிகமான இடம் போலிருக்கிறது என்று அதற்குள் அழுத்தித் தேய்த்தேன்.

சார் வந்து பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“வட்டத்துக்குள்ள தொடாதீங்கன்னு சொன்னனே! அந்தப் பழைய எழுத்தப் பாத்துதான் புதுசா எழுதணும். வேற எங்கயும் அது இல்ல. யாரு தேச்சது?”

நான் உப்புத்தாளை முந்தானைக்குள் மறைத்தேன். செல்வி என்னை ஒருமுறை பார்த்தாள்.

“நான்தாங்க.”

அவளை இனி வர வேண்டாம் என்றுவிட்டார்.

பேருந்தில் கேட்டேன். “ஏன்டி அப்படிச் சொன்ன?”

“இன்னா பண்றது ஆயா, உனுக்குதான் தலகுனிஞ்சி பயக்கமே இல்லியே.”

மறுநாள் நான் மட்டும் வேலைக்குப் போனேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியிருக்கிறாள். நாளை சாரிடம் இதைக் கொடுக்கப்போகிறேன்.

“படி கண்ணு. தேச்சது நான்தான்னு எழுதிக்கிறியா, பாரு.”